பிபி மெஷினை மறந்துட்டுப் போன நாள்

இன்னைக்கு கீழ் கோத்தகிரி பக்கம் ஒரு டீ எஸ்டேட்ல மாசாமாசம் நடக்கற முகாம். நான் மனநல நர்ஸ். பஸ்ஸை விட்டு இறங்கினப்புறம்தான் பாக்கறேன், பிபி மெஷினை ஊட்லயே வெச்சுட்டு வந்துட்டேன்.

மனநல முகாமுக்கு அது எதுக்குன்னு கேப்பீங்க.

முதல் மாசம் ‘மனநல ஆலோசனை’ன்னு போர்டு வெச்சேன். ஒரு ஈ காக்கா வரலை. அடுத்த மாசம் ‘இங்கு பிபி பார்க்கப்படும்’னு மாத்தினேன். வரிசை கட்டி நின்னாங்க. கையில பட்டையைச் சுத்திக்கிட்டே, “தூக்கமெல்லாம் எப்படிங்க?”ன்னு மெதுவா கேப்பேன். அப்பத்தான் பேச்சே வரும். ஒரு வருசமா இப்படித்தான் ஓடுது.

இன்னைக்கும் கொழுந்து எடுத்த கையோட பத்துப் பதினஞ்சு பேர் நின்னுட்டு இருந்தாங்க. பொய் சொல்லிச் சமாளிக்கத் தோணலை.

“மெஷின் கொண்டுவரலைங்க. பிபி பாக்கணும்னா அடுத்த மாசம் வாங்க”ன்னு சொல்லிட்டேன்.

ஒருத்தரும் நகரலை.

முதல்ல நின்ன சரோஜாக்கா சேரை இழுத்துப் போட்டு உக்காந்தாங்க.

“எனக்கு பிபியே இல்லீங்க சிஸ்டர். போன மாசம் பாதியில விட்டமே, அங்கிருந்து பேசலாமுங்க.”

கிளம்பறப்ப முதல் மாசம் வெச்ச பழைய போர்டைத் தேடியெடுத்து மாட்டிட்டு வந்தேன்.

மெஷின் ஊட்ல சும்மாதான் கிடக்குது. யாருக்காச்சும் நெசமாவே பிபி பாக்கணும்னா சொல்லுங்க.