மருந்து கிடைக்காத கூண்டு

ஊட்டியில் நான் மருந்தியல் படித்தபோது ஆய்வுக்கூடத்து எலிகளைப் பார்த்துக்கொண்டவர் அவர். காதுவரை இறக்கிய குரங்குக் குல்லா, முழங்கையில் ஒட்டுப்போட்ட ஸ்வெட்டர். எந்தக் கூண்டைத் திறக்கும் முன்பும், அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவதுபோல் விரலால் இருமுறை தட்டுவார்.

இரண்டு கூண்டு எலிகளுக்கும் ஈரலும் சிறுநீரகமும் கெடும் அளவுக்கு நான் பாராசிட்டமால் கொடுத்தேன். ஒரு கூண்டுக்கு மட்டும் கூடவே மூலிகைச் சாறு. சாறு காப்பாற்றுகிறதா என்பதுதான் என் ஆய்வு. ஆனால் ரத்தப் பரிசோதனையில் சாறு குடிக்காத எலிகளும் ஏறக்குறைய நன்றாகவே இருந்தன. இரண்டு மாத உழைப்பு. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அவர் தயங்கிக்கொண்டே பக்கத்தில் வந்தார். "நாந்தானுங்க அம்மிணி தெனமும் கேரட் போட்டேன். கேத்தியில நம்ம தோட்டத்துதுங்க."

"சாறு குடிக்காத கூண்டுக்கு மட்டுமா?"

"அந்தப் பக்கத்துக்கு நீங்க மருந்து குடுக்கறீங்க. இதுகளுக்கு யாருங்க இருக்கா?"

"கடைசில ரெண்டையும் அறுத்துத்தானேண்ணா பார்க்கப்போறோம்?"

"தெரியுமுங்க. அதுக்காக அதுவரைக்கும் வலியோட கெடக்கோணுமுங்களா?"

காப்பாற்றியது கேரட்தானா என்று இன்றும் எனக்குத் தெரியாது. புது எலிகளை வைத்து மறுபடி தொடங்கினேன். எந்தக் கூண்டுக்குச் சாறு என்று அவருக்குத் தெரியாதபடி கூண்டுகளில் மாட்டியிருந்த பெயரட்டைகளைக் கழற்றிவிட்டேன்.

மறுநாள் காலை இரண்டு கூண்டிலும் கேரட் கிடந்தது.

எடுத்து எறியக் கோபமாகப் போனேன். திறப்பதற்குமுன் என் விரல் கூண்டை இருமுறை தட்டியது.