கப்பல்காரர் பெயரில் ஒரு சென்ட் இல்லை

2009 பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரைக்குக் கடலூரில் இறங்கினேன். கோயம்பேட்டிலிருந்து டிக்கெட் அறுபத்தைந்து ரூபாய். சென்னையில் படுக்கையில் கிடக்கும் என் வாப்பா ஒரே ஒரு வேலை சொல்லி அனுப்பியிருந்தார். பன்னிரண்டு வயதில் பினாங்குக்குக் கப்பலேறியபோது, பரங்கிப்பேட்டை வீட்டில் ஒரு கைக்குழந்தைத் தங்கையை விட்டுப் போனார். அவள் இருக்கிறாளா என்று பார்த்து வர வேண்டும். இரண்டாம் உலக யுத்தத்தில் கடிதங்கள் நின்றன. தாய் மௌத்தாகி அடக்கம் செய்த செய்தி மட்டும் யார் மூலமாகவோ வந்து சேர்ந்தது. அதற்குப் பிறகு முகம் காட்ட அவருக்குத் தைரியமில்லை. ஓய்வு பெற்றுச் சென்னைக்கு வந்தும் ஊர்ப்பக்கம் போகவில்லை.

முகவரி கேட்டதற்கு, கப்பல்காரர் வீடு என்று கேள், சின்னப் பிள்ளைகூடக் காட்டும் என்றார். தாத்தாவின் கப்பல் பெருமையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்திருந்தது.

முதலில் மஞ்சக்குப்பம் போய், பழைய ஆவணங்கள் இருந்த ஓர் அலுவலகத்தில் இரண்டு மணி நேரம் தூசி தின்றேன். துறைமுகப் பதிவேட்டில் தாத்தா இருந்தார்: செய்யது கனி மரைக்காயர், பரங்கிப்பேட்டை, பாய்மரக் கப்பல் இரண்டு. ஆக, வாப்பா கதை விடவில்லை. நானே கப்பல் வாங்கிவிட்டவன் போல நிமிர்ந்து போய் பஸ் ஏறினேன்.

முட்லூரில் பஸ் மாறி, பரங்கிப்பேட்டை சேர மணி ஒன்று. என் பெருமை அங்கே அரை மணி நேரம்கூடத் தாங்கவில்லை. கடைத்தெருவில், எந்தக் கப்பல்காரர் என்று என்னையே திருப்பிக் கேட்டார்கள். அந்தக் காலத்தில் தெருவுக்கு இரண்டு பேர் அப்படி இருந்தார்களாம். பத்திரப்பதிவு அலுவலகத்தில் தேடியதில் தாத்தா பெயரில் ஒரு சென்ட் நிலம்கூட இல்லை. இரண்டு கப்பல் வைத்திருந்த மனிதர் எங்கேதான் படுத்துத் தூங்கினார்?

அங்கிருந்த அலுவலர் உள்ளூர்ப் பெண்மணி. நான் விழிப்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டார்.

"இங்க வீட்டப் பொண்ணு பேர்லதான் எழுதுவாங்க சார். மாப்பிள்ள வந்து குடியிருப்பாரு. உங்க வாப்பாவப் பெத்த உம்மா பேரச் சொல்லுங்க."

எனக்குத் தெரியவில்லை. எங்கள் வீட்டு ஆண்களின் பெயர்களை நாலு தலைமுறைக்கு மூச்சுவிடாமல் சொல்வேன். வாப்பாவைப் பெற்றவள் பெயரை ஒருநாளும் கேட்டதில்லை. வெட்கமாகப் போய்விட்டது. வெளியே வந்து போன் செய்தேன். வாப்பா கேள்வியை இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அப்புறம், "சுலைகா" என்றார்.

அந்தப் பெயரைச் சொன்னதும் அலுவலர் புத்தகத்தைக்கூடத் திறக்கவில்லை. சுலைகாம்மா வீடா என்று வழி சொல்லிவிட்டார். ஆட்டோவுக்கு இருபது ரூபாய்.

கதவைத் திறந்த பெண்ணுக்கு ஐம்பது வயதிருக்கும். நான் யார் என்று சொன்னதும் முக்காட்டை இழுத்துவிட்டபடி அப்படியே நின்றார். வாப்பாவின் தங்கை மகள். தங்கை இறந்து நான்கு வருடம் ஆகிறது.

"கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா மச்சான்?" என்றார்.

இதை வாப்பாவிடம் எப்படிச் சொல்வது? நம்பரை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டதுதான் தெரியும். போனை அவரே வாங்கிக்கொண்டார்.

"மாமா, உங்க தங்கச்சி மவ பேசறேன். உம்மா மௌத்தாயிட்டாங்க மாமா."

 உன் பெயர் என்னம்மா என்று வாப்பா கேட்டார்.

"சுலைகா. உங்க உம்மா பேருதான்."

"எம் மேல கோவமா?" என்றார் வாப்பா.

சுலைகா என்னைப் பார்த்தார். பிறகு போனைக் காதோடு வைத்துக்கொண்டு, "கோவம் எதுக்கு? வீடு அப்பிடியேதான் இருக்கு. வாங்க" என்றார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை, வாசலுக்குப் போய்விட்டேன்.

சாப்பிடாமல் விடமாட்டேன் என்று சொல்லி மீன் குழம்பு ஊற்றினார். சாயங்காலம் டவுன் பஸ்ஸில் சிதம்பரம் வந்தேன். சென்னை வண்டிக்குக் காத்திருந்தபோது வாப்பாவே கூப்பிட்டார். கார் பேசிவிட்டாயா என்று கேட்டார். இந்த உடம்போடு அவ்வளவு தூரம் எப்படி என்று இழுத்தேன். படுத்துக்கொண்டே வருவேன், முட்லூர் தாண்டினால் வழி நான் சொல்கிறேன் என்றார்.