ரஜாய் அளவில் ஓர் ஓவியம்

பல ஆண்டுகளாக உள்ளங்கையளவு ஏட்டில்தான் வரைந்துவந்தேன். எங்கள் சரோஜினி நகர்க் குடியிருப்பின் குளிர்கால விழாவுக்காக, ஆளுயரத் துணியில் ஓர் ஓவியம் கேட்டார்கள். மாடியில் ரஜாய் என்னும் பஞ்சுப் போர்வைகள் வெயிலில் காயும் காட்சியை வரைந்தேன்.

"இவ்ளோ பெரிய துணிக்கு நடுவுல தபால்தலை ஒட்டின மாதிரி இருக்கே" என்று கணவர் சிரித்தார். உண்மைதான், என் கை ஏட்டின் அளவை விட்டு வெளியேறவில்லை. விலகிவிடவே நினைத்தேன்.

ஆனால் மனம் கேட்காமல், மறுநாள் வேறொரு துணியைச் சுவரில் மாட்டினேன். நின்றுகொண்டு, தோளிலிருந்து கையை வீசி, மாடியில் கண்ட ஒரே ஒரு ரஜாயை, அதன் கிழிசல் ஒட்டோடு, மெய்யான அளவில் தீட்டினேன். ஆயினும் கையெழுத்திடத் துணியவில்லை.

விழாவில் எதிர்வீட்டுத் திருநெல்வேலி அக்கா அதன்முன் நின்றுவிட்டார். "அரே, இது எங்க வீட்டு ரஜாய்லா. இந்த ஒட்டு நான் போட்டதுல்லா" என்று தடவிப் பார்க்கக் கைநீட்டினார்.

அவர் நகர்ந்ததும் பையிலிருந்த தூரிகையையும் வண்ணத்தையும் எடுத்து, மூலையில் என் பெயரைப் பெரிதாகவே எழுதினேன்.