மெழுகுதிரிக்கு ஒரு கொழுந்துக் கூடை

தேன் பிழிந்தெடுத்த வதையை, அதாவது வெறும் தேனடையை, பழைய பால்மாத் தகரத்தில் போட்டுத் தண்ணீர் விட்டுக் காய்ச்சும்போது முதலில் வருவது தேன் மணமல்ல, ஈரக் காட்டின் மணம். அதற்குப் பிறகு புகை. அதற்கும் பிறகுதான், எல்லாம் உருகி மேலே மஞ்சளாகப் படரும் நேரத்தில், மூக்கை மட்டுமல்ல வயிற்றையும் கூப்பிடுகிற ஓர் இனிப்பு மணம் வரும். விசுவமடுவில் எங்கள் குசினிக்குப் பின்னால் அம்மா மெழுகு காய்ச்சும் நாட்களில் நானும் செல்வி அக்காவும் அந்தத் தகரத்தைச் சுற்றிக்கொண்டே திரிவோம். "நக்கிப் பாக்கணும்னா நக்கிக்க, நாக்கு வெந்தா எங்கிட்ட வராத" என்பதுதான் அம்மாவின் எச்சரிக்கை. நான் ஒருமுறை நக்கினேன். அதைப் பற்றி மேலும் சொல்ல எதுவும் இல்லை.

மெழுகுதிரி செய்யும் வித்தையை அம்மா மலையில், சிறு பெண்ணாகக் கன்னியர் மடமொன்றின் சமையலறையில் வேலை செய்த காலத்தில் கற்றிருந்தார். எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்த லயத்து வரிசை வீடுகளுக்குத் தீ வைத்த பிறகு வன்னிக்கு இறங்கி வந்தபோது, ஒரு தேயிலைப் பெட்டி நிறையச் சாமான்களோடு அந்த வித்தையும் கூடவே வந்தது. காட்டில் தேன் எடுப்பவர்கள் பிழிந்து எறியும் வதையை அப்பா கேட்டு வாங்கி வருவார். பப்பாசி இலையின் காம்பு உள்ளே குழலாக இருக்குமல்லவா, அதுதான் எங்கள் அச்சு. நடுவே முறுக்கிய நூலைக் கட்டி, ஒரு முனையைக் களிமண்ணால் அடைத்து, மெழுகை ஊற்றி ஆறவிட்டுக் காம்பைக் கீறினால், மஞ்சள் நிறத்தில் வழவழவென்று ஒரு திரி வெளியே வரும். மண்ணெண்ணெய்ப் போத்தல் விளக்கின் புகையில் மூக்குக்குள் கரி படியப் படித்துக்கொண்டிருந்த எங்களுக்கு அது பெரிய இடத்துச் சாமான் போலத்தான் தெரிந்தது.

ஆனால் அம்மா அந்தத் திரிகளை எங்களுக்காகச் செய்யவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் இருந்த ஒரு பெண்மணிக்காகச் செய்தார்.

அவரை நாங்கள் பிற்காலத்தில் பரமேஸ் மாமி என்று கூப்பிட்டோம். அப்போது "வீட்டம்மா" என்றோம். யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து வந்த குடும்பம். வயலும் மிளகாய்த் தோட்டமும் இருந்தன. அப்பா பல நாள் அவர்களிடம்தான் வேலைக்குப் போவார். கிடுகு வேலியில் ஆள் நுழைந்து போக ஒரு "பொட்டு" இருந்தது. மாமி நல்ல மனுசி. எங்கள் கிணறு வற்றிய காலத்தில் "வந்து அள்ளுங்கோ, ஊத்துத் தண்ணிதானே" என்றவர். எனக்குக் காய்ச்சல் வந்தால் கொத்தமல்லி அவித்துக்கொண்டு பொட்டுக்குள்ளால் குனிந்து வருவார். ஆனால் வந்தவர் எங்கள் வீட்டில் ஒரு வாய் தேத்தண்ணி குடிக்க மாட்டார்.

வேண்டாம் என்று ஒருநாளும் முகத்தில் அடித்தாற்போல் சொன்னதில்லை. "இப்பதான் குடிச்சிட்டு வாறன்" என்பார். காலையில் வந்தாலும் இப்பதான் குடித்திருப்பார், வெயிலில் வேர்க்க விறுவிறுக்க வந்தாலும் இப்பதான் குடித்திருப்பார். "இந்தம்மா ராவும் பகலும் தேத்தண்ணிக்குள்ளயே குளிக்குமோ என்னமோ" என்று அக்கா முணுமுணுத்து, அம்மாவிடம் தலையில் குட்டு வாங்கினாள். அக்காவுக்குப் பதினாலு வயது. காரணம் புரியாத வயதல்ல. அம்மாவுக்கும் புரியாமலில்லை. மலையிலிருந்து வந்த தோட்டக்காட்டு ஆட்கள் கையால் வாங்கிக் குடிப்பதா என்ற அந்தப் பழைய எண்ணம், மாமியின் நல்ல மனதுக்குள்ளேயே ஒரு மூலையில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தது.

தேயிலைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர் அம்மா. ஊற்றிய தேத்தண்ணியைத் தொடாமல் ஒருவர் எழுந்து போனால் அவருக்கு எப்படி இருந்திருக்கும்? மாமிக்கென்றே ஓர் எவர்சில்வர் தம்ளர் வாங்கி, எங்களில் யாரும் அதில் வாய் வைக்காமல் தட்டின்மேல் கவிழ்த்து வைத்திருந்தார். வெகுநாள் கழித்து, "இனி என்னத்துக்கு இது" என்று அதையே எடுத்து மெழுகு ஊற்றத் தொடங்கினார். எனக்கு அழுகை வந்தது. காரணம் கேட்டபோது புகை என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஆவணியில் மாமி வீட்டாருக்குப் புதுக் கல்வீட்டுக் குடிபூரல் வந்தது. எங்களையும் கூப்பிட்டிருந்தார்கள். வெறுங்கையோடு போக முடியாது; பலகாரம் செய்து கொண்டுபோனால் அதன் கதி என்னவென்று தெரியும். அப்போதுதான் அம்மா மெழுகுதிரியை நினைத்தார். "சாப்பிடத்தானே யோசிப்பாங்க? வெளிச்சம் வேணாம்னு யாரும் சொல்ல மாட்டாங்க" என்றார். அந்த வீட்டுக்குள் எங்கள் கைப்பட்ட ஏதாவது ஒன்று நுழைந்து இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை.

சுற்றிக் கொடுக்கக் கடதாசி? அக்கா தேயிலைப் பெட்டியின் உட்புறத்தில் ஒட்டியிருந்த வெள்ளி ஈயத்தாளை மெல்ல உரித்தெடுத்தாள். கிழியாமல் உரிக்க ஒரு பகல் முழுவதும் போனது. திரிகளை அதில் உருட்டி, இரு முனையையும் டொபி மிட்டாய் போல முறுக்கி, சிவப்பு நூலால் கட்டினோம். தேயிலை மணமும் தேன் மணமும் சேர்ந்து, இப்போதைய கடைகள் எதிலும் கிடைக்காத ஒரு வாசனை. குடிபூரல் வீட்டின் முற்றத்து மேசையில், மற்றவர்களின் பித்தளைக் குத்துவிளக்குக்கும் சில்வர் வாளிக்கும் பக்கத்தில், எங்கள் பொதி நல்ல வெயிலில் தகதகவென்று மின்னியது. நானும் அக்காவும் அதைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

நாங்கள் மலைக்காரர். அங்கே ஒரு மெழுகுதிரியை எங்கே வைத்தாலும் குளிரில் விறைத்துக் கம்பாக நிற்கும். வன்னியின் ஆவணி வெயிலில், அதுவும் ஈயத்தாளுக்குள் வைத்தால் என்ன ஆகும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. மாமி எல்லோருக்கும் முன்னால் பொதியைப் பிரித்தார். உள்ளே திரிகள் ஒன்றோடொன்று ஒட்டி, பாகற்காய் மாதிரி வளைந்து கிடந்தன. சபை கொல்லென்று சிரித்தது. "இது மெழுகுதிரியோ, முறுக்கோ?" என்றார் ஒருவர். அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு தானும் சிரித்தார். சிரிக்காமல் வேறு என்ன செய்வது? மாமி மட்டும், "வளைஞ்சாலும் எரியுந்தானே" என்று சொல்லி அவற்றைச் சாமி அறைக்குள் கொண்டுபோய் வைத்தார்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா சபதம் எடுத்துக்கொண்டாள். தீபாவளிக்கு வாழைத்தடல். வாழை மரத்தைச் சுற்றியிருக்கும் அந்தப் பட்டை, பிளந்தால் உள்ளே அறை அறையாகத் தண்ணீரை வைத்துக்கொண்டு சில்லென்று இருக்கும். ஒவ்வொரு திரிக்கும் ஒரு தடல், மேலே வாழைநார்க் கட்டு, நாரில் செருகிய ஒரு செவ்வரத்தம்பூ. பிரித்தபோது திரிகள் துப்பாக்கிக் குழல் போல நேராக இருந்தன. "சோக்காயிருக்கு பிள்ளை" என்றார் மாமி. சொல்லிவிட்டுத் திரிகளை எடுத்துக்கொண்டு, தடலை அப்படியே தொழுவத்தில் எறிந்தார். மாடு கறுக்மொறுக்கென்று தின்றது, செவ்வரத்தம்பூ உட்பட. எங்கள் கையால் எதையாவது அந்த வீட்டில் முதன்முதலில் சாப்பிட்ட சீவன் அந்த மாடுதான்.

"மாட்டுக்கு இருக்கிற மனசு" என்று தொடங்கிய அக்காவை அம்மா முழுதாகப் பேச விடவில்லை. ஆனால் அக்காவின் மூளை அன்றிலிருந்து வேறு திசையில் ஓடத் தொடங்கியிருந்தது. ஈயத்தாள் குப்பைக்குப் போனது, தடல் மாட்டுக்குப் போனது. எறிய முடியாத ஒன்றில் வைத்துக் கொடுத்தால்? எறிய முடியாதது திரும்பி வர வேண்டும். எந்த வீட்டுப் பாத்திரத்தையும் வெறுமையாகத் திருப்பி அனுப்பக்கூடாது என்பது எங்கள் லயத்திலும் வழக்கம், யாழ்ப்பாணத்து வீடுகளிலும் வழக்கம். நாலு மிளகாயாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். அதாவது, திரும்பி வரும்போது அதற்குள் ஏதாவது இருந்தே ஆக வேண்டும்.

அப்பா தேயிலைத் தோட்டத்தில் ஓய்வு நேரங்களில், கொழுந்து பறிப்பவர்கள் முதுகில் மாட்டும் கொழுந்துக் கூடை பின்னியவர். அக்கா அவரைப் பிடித்த பிடியில், பொங்கலுக்கு முன்பு காட்டுப் பிரம்பைக் கீறி, முழங்கையளவில் ஒரு குட்டிக் கொழுந்துக் கூடை பின்னிக் கொடுத்தார். மூடியும் வைத்தார். பின்னலுக்கு நடுவே மிஞ்சியிருந்த ஈயத்தாளை நாடாவாகக் கீறிக் கோத்தோம். உள்ளே தடல் விரிப்பு, அதன்மேல் திரிகள். அக்கா அதைக் கொழுந்து பறிக்கப் போகிறவள் மாதிரி கயிற்றைத் தலையில் மாட்டி முதுகில் தொங்கவிட்டு, பொட்டுக்குள்ளால் குனிந்து போனாள். மாமி முதலில் அவளைப் பார்த்துச் சிரித்தார். பிறகு கூடையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதென்ன வடிவான சாமான்! கொப்பரோ செய்தவர்?" என்று அப்பாவைக் குறித்துக் கேட்டாராம்.

கூடை திரும்பி வந்தது. உள்ளே ஊறுகாய்க்குத் தோதான தேசிக்காய். அக்கா வீடு முழுக்க ஆடினாள்.

அதன்பிறகு அந்தக் கூடைக்கு ஓய்வே இல்லை. நாங்கள் திரி வைத்து அனுப்புவோம்; அது முருங்கைக்காயோடு வரும், பச்சைமிளகாயோடு வரும், ஒருநாள் வைக்கோலுக்குள் முட்டையோடு வந்தது. திரி இல்லாத நாளில் எங்கள் பூசணிப்பிஞ்சு போகும், கீரை போகும். ஒவ்வொரு முறையும் அக்கா புதிதாக ஏதாவது செய்வாள்: திரிகளைப் பனங்குருத்து வளையத்தில் அடுக்குவாள், மூடியில் குன்றிமணி ஒட்டுவாள், பழைய பாவாடைக் கரையால் குஞ்சம் கட்டுவாள். சித்திரைக்கு மாமி தன் கையால் செய்த கொழுக்கட்டை வைத்து அனுப்பினார். எல்லாம் வந்தது. ஆனாலும் சமைத்த பண்டம் வேலியின் அந்தப் பக்கத்திலிருந்துதான் வந்தது. எங்கள் பக்கத்திலிருந்து போனதெல்லாம் பச்சைச் சாமான்தான். அம்மா துணியவில்லை. மாமி வரும்போது தேத்தண்ணி வேண்டுமா என்று கேட்பதையும் நிறுத்திவிட்டிருந்தார். "கேட்டாத்தானே இல்லங்கணும். அவங்களயும் எதுக்குச் சங்கடப்படுத்தணும்" என்றார்.

அடுத்த மாரி பொல்லாத மாரி. மிளகாய்த் தோட்டம் மூழ்கியது, வெட்டாத வயல் தலைசாய்ந்தது, மாமி வீட்டுக் கோழிகளும் பாதிக்கு மேல் செத்துப்போயின. எங்கள் நிலையும் அதேதான், ஆனால் எங்களுக்கு மூழ்குவதற்குப் பெரிதாக எதுவும் இருக்கவில்லை. மழை கொஞ்சம் விட்ட ஒரு பின்னேரம், தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துக்கொண்டு, சேற்றில் வழுக்கி வழுக்கி மாமி பொட்டுக்குள்ளால் வந்தார். கையில் கூடை.

அம்மா எழுந்து, "உள்ள வாங்கம்மா" என்றார். மாமி கூடையை நீட்டினார். அக்கா வாங்கி மூடியைத் திறந்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. நான் எட்டிப் பார்த்தேன். தடலின் காய்ந்த நார் ஒன்று ஒட்டிக் கிடந்தது, அவ்வளவுதான். மாமியின் முகம் சிவந்துவிட்டது.

"எல்லாம் வெள்ளத்தோட போட்டுது ராசாத்தி. உதுக்குள்ள வைக்க வீட்டிலை ஒண்டும் இல்லை. வெறுங்கூடையாக் குடுத்துவிட மனம் கேக்கேல்லை. அதாலை நானே வந்தனான்" என்று அம்மாவிடம் சொன்னார்.

அம்மா பதறிப்போய், "அதுக்கென்னம்மா, அதுக்கென்னம்மா" என்றார். கதிரையைத் துடைத்துப் போட்டார். மாமி உட்கார்ந்தார். மழையைப் பற்றிக் கதைத்தார்கள், குளம் நிரம்பி வான் பாய்வதைப் பற்றிக் கதைத்தார்கள். கதை முடிந்தது. மாமி எழும்பவில்லை. சாக்கிலிருந்து சொட்டிய தண்ணீரைக் காலால் தேய்த்துக்கொண்டே இருந்தவர், கடைசியில் அம்மாவை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன் ராசாத்தி, இண்டைக்குத் தேத்தண்ணி இல்லையோ?"

அம்மா குசினிக்குள் ஓடிய ஓட்டத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. ஓடியவர் தம்ளரைத் தேடினார். மாமிக்கென்று கவிழ்த்து வைத்துக் காத்திருந்த அந்தத் தம்ளர், ஒரு விரற்கடை மெழுகு உறைந்து கொல்லையில் கிடந்தது. அக்கா அதைக் கரண்டிக் காம்பால் சுரண்டிப் பார்த்தாள், நடக்கிற காரியமா? சீனியும் இல்லை. கடைசியில் நாங்கள் எல்லோரும் மாறி மாறிக் குடிக்கும், விளிம்பில் பூச்சு உதிர்ந்த அப்பாவின் எனாமல் கோப்பையில்தான் தேத்தண்ணி போனது. சீனிக்குப் பதில் தேன். பதற்றத்தில் அம்மா தூளை அள்ளிக் கொட்டியிருந்தார். நிறத்தைப் பார்த்தாலே பயமாக இருந்தது.

மாமி வாய் வைத்துக் குடித்தார். முகம் ஒருமுறை சுளித்தது. பிறகு கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டு, "நல்ல சாயம்" என்றார். கோப்பையைக் கீழே வைக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டு, "அதென்ன அம்மா அம்மா எண்டு? அக்கா எண்டு கூப்பிடு. பிள்ளையள் மாமி எண்டு சொல்லட்டும்" என்றார். அன்று கூடை போகும்போது அதற்குள் மெழுகுதிரிகளோடு, வாழையிலையில் சுற்றிய சூடான ரொட்டியும் போனது. அதை மாடு தின்னவில்லை என்பதைப் பொட்டருகே நின்று அக்கா கண்ணால் கண்டு வந்து சொன்னாள்.

இப்போது நான் நெளுக்குளத்தில் இருக்கிறேன். மதிலுக்கு மேல் முள்கம்பி, மதிலில் பொட்டு வைக்க வழியில்லை. விசுவமடுவில் வேலியின் இருபுறத்து வீடுகளும் போரில் போய்விட்டன. கூடை எந்த இடப்பெயர்வில் எந்த வழியில் விடுபட்டது என்று யாருக்கும் தெரியாது. அம்மாவும் மாமியும் இல்லை. அவர்களை நினைத்தால் எனக்கு அழுகைக்கு முன் சிரிப்புத்தான் வருகிறது, அன்று அம்மா அள்ளிக் கொட்டிய தூள் அப்படி.

போன மாதம் பக்கத்து வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த இளம் பெண், என் பிறந்தநாள் என்று எப்படியோ அறிந்து, கண்ணாடிக் குவளையில் ஊற்றிய மெழுகுதிரி ஒன்றைக் கொண்டுவந்து தந்தாள். தானே செய்ததாம். அட்டைப்பெட்டி, உள்ளே சுருள் கடதாசி, மேலே தங்க நாடா, அவ்வளவு அழகு. பெட்டியை எறிய எனக்கு மனம் வரவில்லை. மறுநாள் அது நிறைய முற்றத்துத் தேசிக்காயைப் பிடுங்கிப் போட்டுக்கொண்டு போய்க் கொடுத்தேன். அவள் திகைத்துப்போய், "ஐயோ அன்ரி, பெட்டியை எறிஞ்சிருக்கலாமே!" என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கி, "தேத்தண்ணி குடிக்கிறீங்களோ?" என்று கேட்டாள்.

நான் உண்மையாகவே அப்போதுதான் குடித்துவிட்டு வந்திருந்தேன்.

"ஓம் பிள்ளை, போடுங்கோ" என்று கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.