மீட்டரக்காவும் ஒற்றைச் சாக்ஸும்

என் மனைவியைத் தெருவே 'மீட்டரக்கா' என்றுதான் கூப்பிடும். ரேடியோ, ஃபேன், பொம்மை எது பழுதானாலும் அவளிடம்தான் வரும். கரண்டைக் கட்டுப்படுத்தும் ரெசிஸ்டரின் வண்ணக் கோடுகளைப் பார்த்தே அளவைச் சொல்லிவிடுவாள். அதை அளக்கும் மீட்டரைத் தொடவே மாட்டாள்; அவளே மீட்டராம். அந்தத் தலைக்கனத்தை இருபது வருடமாகச் சகிப்பவன் நான்.

அவளுடைய அண்ணனுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. ஆனாலும் எங்கள் வீட்டு மாடி அறையை விட்டு இறங்கமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். அவருடைய ஜன்னல், புத்தகங்கள் எல்லாம் அங்கேதான். அவர் கூப்பிட்டால் கீழே கேட்பதற்காக இவள் ஒரு பேட்டரி மணி செய்துகொடுத்தாள். மணி வேலை செய்கிறது என்று காட்ட, அதில் எப்போதும் எரியும் சின்னப் பச்சை விளக்கு.

பேட்டரி ஒரே நாளில் தீர்ந்தது. புதிது போட்டோம், மறுநாளே காலி. மூன்றாம் நாள் மனுஷர் தண்ணீர் கேட்டு ஒரு மணி நேரம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். மிக்ஸி சத்தத்தில் எங்களுக்குக் கேட்கவில்லை. எனக்கு என் மேலேயே ஆத்திரம் வந்தது.

"போதும்! நாளைக்குக் கட்டில் ஹாலுக்கு வருது," என்று அவர் முன்னாலேயே கத்திவிட்டேன். அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"கடைக்காரன் பழைய பேட்டரியத் தலையில கட்டிட்டான்," என்றாள் இவள். "நான் பதிமூணாயிரம் ஓம் போட்டிருக்கேன். ரெசிஸ்டர் பெருசா இருந்தா கரண்ட் கம்மியாத்தானே போகும்? ஒரு மாசம் வரணும்!"

"எனக்குத் தெரியுது தாயே. பேட்டரிக்குத்தான் தெரியல."

அண்ணன் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "பாப்பா, அந்த வெளிச்சத்தக் கொஞ்சம் குறைக்க முடியுமா? கண்ணு கூசுது. முதல் நாள்லேருந்தே ராத்திரியானா சாக்ஸ் போட்டு மூடிடறேன்."

"அத ஏன் சொல்லல?"

"நீ ஆசையாச் செஞ்சது. எப்படிச் சொல்றது?"

இவள் மணியைக் கையில் எடுத்தாள். பதிமூணாயிரம் ஓம் என்றால் விளக்கு மினுக்மினுக்கென்றுதானே எரிய வேண்டும்? பெட்டியைத் திறந்து, ரெசிஸ்டரைத் துடைத்துப் பார்த்தாள்.

"ஐயோ! கடைசிக் கோடு எதுன்னு காட்டுற தங்கக் கோடு அழிஞ்சிருக்கு. தலைகீழாப் படிச்சுட்டேன். இது வெறும் முந்நூத்தி முப்பது!"

நாற்பது மடங்கு கரண்டை அந்தப் பொட்டு விளக்கு குடித்திருக்கிறது. வேறு ரெசிஸ்டர் எடுத்தவள், முதல்முறையாக மீட்டரைத் தூசி தட்டி அளந்தாள். நான் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் யார் வாங்கிக் கட்டிக்கொள்வது?

கட்டில் மாடியிலேயே இருந்தது. ஒரு மாதமாகிறது, இன்னும் அதே பேட்டரி. எங்களுக்கு அப்படியொரு நிம்மதி.

நேற்று மணி அடித்தது. நான்தான் முதலில் ஓடினேன்.

"என்ன வேணும்?"

"கால் குளிருது. உங்க மீட்டரக்கா என் சாக்ஸ எப்பத் தருவா?"

கீழே வந்து தேடினேன். அவள் மேசைமேல், மீட்டருக்கு உறையாக இருந்தது.