முள் இறங்காத பீப்பா

மார்க்கம் நகரத்தில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையில் யாருக்காவது தொலைபேசி வந்தால் மேற்பார்வையாளர் தூரத்தில் நின்று கையைக் காட்டுவார். அன்று அவர் என் மெசினுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றார். மறுமுனையில் செல்வம் அண்ணை. பரமேஸுக்குச் சுகமில்லை என்றார், வேலைத்தலத்தில் விழுந்துவிட்டான் என்றார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்றார். எனக்கு இந்தச் சுற்றிவளைப்பு ஒருநாளும் பிடித்ததில்லை. "அண்ணை, ஆள் இருக்கிறானோ இல்லையோ?" என்று கேட்டேன். "இல்லையடா" என்றார். மாரடைப்பாம். முப்பது வயது தாண்டிச் சொற்ப காலம். ஒருநாள் காய்ச்சலுக்குக்கூட லீவு எடுக்காதவன்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு ஒரு கட்டுரை தா என்றார்கள். பியரைப் பற்றி எழுதாதே, பெரியவர்கள் வாசிப்பார்கள் என்றும் சொன்னார்கள். மன்னிக்க வேண்டும். பரமேஸ்வரனைத் தெரிந்த உங்களுக்குப் பியரை விட்டுவிட்டு அவனைப் பற்றி எழுதினால், அது வேறு யாரோ ஒருவனுக்கான அஞ்சலியாகிவிடும்.

எண்பத்திமூன்றுக் கலவரத்துக்கு அடுத்த வருடம், இங்கே வெக்ஸ்போர்ட்டில் செல்வம் அண்ணை வாடகைக்கு எடுத்திருந்த அப்பார்ட்மென்டில்தான் அவனைச் சந்தித்தேன். நான் யாழ்ப்பாணம், அவன் மட்டக்களப்பு. நான் பொறியியலில் டிப்ளோமா எடுத்துவிட்டு வந்து வால்வு செய்யும் இடத்தில் வேலை தேடிக்கொண்டவன். அவன் ஊரில் வங்கியில் இருந்தவன். இங்கே ஓர் உணவகத்தின் சமையலறையில் நின்றான். கல்யாணம் முடித்து ஐந்தாம் மாதம் மனைவி சறோவை விட்டுவிட்டு வந்திருந்தான். கதைக்கும்போது நாங்கள் 'பிறகு' என்கிற இடத்தில் அவன் 'மறுகா' என்பான். எவன் வந்து எதைப் புலம்பினாலும் குறுக்கே பேசமாட்டான்; நடுநடுவே "மறுகா?" என்று மட்டும் கேட்பான். எனக்கு அந்தப் பொறுமை இல்லை. பாதியிலேயே பிழை எங்கே என்று சொல்லிவிடுவேன்.

உணவகத்தில் கூட வேலை செய்த ஒரு வெள்ளைக்காரனிடம் பியர் காய்ச்சப் பழகி வந்தான். முதலில் போத்தலில்தான் அடைத்தான். புளித்து முடிய முன்னம் போத்தலில் அடைக்கக்கூடாது, வாயு போக இடமில்லாமல் அமுக்கம் ஏறும் என்று சொன்னேன். ஓம் ஓம் என்றான். தேத்தண்ணிக்குப் போடுவதுபோல ஒவ்வொரு போத்தலுக்கும் ஒரு கரண்டி சீனி கூடப் போட்டு, எங்கள் உடுப்பு அலமாரிக்குள் அடுக்கி வைத்துவிட்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சோறு போட்டுக்கொண்டு இருக்கையில், அலமாரிக்குள் முதல் போத்தல் வெடித்தது. அடுத்ததும் வெடித்தது. வீட்டில் இருந்த எல்லோரும் நிலத்தில் குப்புறக் கிடந்தோம். ஒருவரும் ஒருவருக்கும் சொல்லவில்லை, உடம்புக்குத் தெரிந்திருந்தது. செல்வம் அண்ணை கையில் சோற்றுக் கோப்பையோடு படுத்திருந்தார். கதவுக்குக் கீழால் நுரை வந்தது. என் காதுக்குப் பக்கத்தில் பரமேஸ் மெல்லச் சொன்னான்:

"மச்சான், இது நம்மட பியர்."

சிரிக்கத் தொடங்கினோம். சிரித்துக்கொண்டிருந்த செல்வம் அண்ணை இடையில் அழத் தொடங்கிவிட்டார். அன்று பின்னேரம் கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கும்போது பரமேஸ் சொன்னான், சறோ வந்த பிறகு இந்த வீட்டில் இந்தச் சத்தம் ஒருநாளும் கேட்கக்கூடாது என்று. அவள் ஊரில் இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்றான்.

அதற்குப் பிறகுதான் பீப்பா வந்தது. அவனுடைய உணவகத்தில் சோடாவுக்குப் பாவித்துவிட்டு எறிய வைத்திருந்த எஃகுப் பீப்பா. வெடிக்காது, அமுக்கம் கூடினால் மூடியில் உள்ள வால்வு தானே திறந்து விடும். பியருக்குள் வாயு ஏற்றக் காபனீரொட்சைட்டுச் சிலிண்டர் ஒன்றும், அமுக்கத்தை முள்ளால் காட்டும் அமுக்கமானி ஒன்றும் நான் கொண்டுவந்தேன். ஆனால் இப்போது எதிர்ப்பக்கத்தில் பிழை. அடைத்த வாயு நிற்கவில்லை. சிலிண்டரை மூடிவிட்டுப் படுத்தால் காலையில் முள் கீழே கிடக்கும். முதல் ஓரிரு நாள் குளிர்ந்த பியர் வாயுவைக் கரைத்துக்கொள்ளும், அதனால் முள் இறங்குவது ஒழுக்கு அல்ல என்று அவனுக்கு விளங்கப்படுத்தினேன். மூன்றாம் கிழமையும் இறங்கியபோது எனக்கே வெட்கமாக இருந்தது. பியர் சப்பென்று கிடந்தது. ஊற்றினால் நுரை எழும்பிய கையோடு செத்தது.

பீப்பாவைக் குசினி மேசையில் வைத்து, சவர்க்கார நுரையைச் சவரத் தூரிகையால் பூசி, ஒவ்வொரு மூட்டாகப் பார்த்தேன். ஒரு குமிழிகூட இல்லை. குழாயை மாற்றினேன். வால்வுகளைக் கழற்றிப் பூட்டினேன். திரும்ப பிரிட்ஜுக்குள் வைத்தால் திரும்ப இறங்கும். சூட்டில் பிடிக்கிறது, குளிரில் விடுகிறது என்று கடைசியில் பிடிபட்டது. பிரிட்ஜின் தட்டுகளைக் கழற்றி எறிந்துவிட்டு, தலையை உள்ளே விட்டுக்கொண்டு, பீப்பா நின்ற இடத்திலேயே நுரையைப் பூசினேன். மூடியைச் சுற்றிக் குமிழி வந்தது. அமுக்கத்தை விட்டு மூடியைக் கழற்றினால், ரப்பர் வளையம் ஊதிப்போய், அதன்மேல் மெழுகுபோல வெள்ளையாக ஏதோ உறைந்து கிடக்கிறது. மணந்து பார்த்தேன். தேங்காய் எண்ணெய்.

பரமேஸைத் தெரிந்தவர்களுக்கு அந்தப் போத்தலையும் தெரியும். தலைக்கும் அதுதான், பூட்டுக்கும் அதுதான், பனிச் சப்பாத்துக்கும் அதுதான். வளையம் வழுவழுப்பாக இருந்தால் இறுக்கமாக இருக்கும் என்று ஒவ்வொரு முறையும் பூசியிருக்கிறான். நான் சும்மா விடவில்லை. எண்ணெய் பட்டால் ரப்பர் ஊதும், பியரில் நுரை நிற்காது, மார்கழியில் போத்தலுக்குள் உறைந்ததை அடுப்பில் காட்டித்தானே தலைக்கு வைக்கிறாய், பிரிட்ஜுக்குள் உறையாதா என்று கத்தினேன். முழுவதையும் கேட்டான்.

"நீ பீப்பாவக் கேட்டாய், குழாயக் கேட்டாய்" என்றான். "என்னை ஒரு கேள்வி கேக்கல்லியே மச்சான்."

புது வளையம் போட்டோம். பீப்பாவைக் கழுவவேண்டியபடி கழுவி, புதிதாகக் காய்ச்சி நிரப்பினோம். மூடி இறுக உட்காருவதற்கு முதலில் கூடுதல் அமுக்கம் கொடுத்து, பிறகு குறைத்தோம். பியர் குடிக்கவேண்டிய வாயுவைக் குடித்து முடித்தபின் சிலிண்டரை மூடினோம். ஒரு கிழமை கழித்தும் முள் அசையவில்லை. பரமேஸ் அகப்பையைப் பிடித்துக்கொண்டு குசினிக்குள் ஆடினான். கீழ்வீட்டுக்காரன் தடியால் முகட்டில் தட்டினான். அந்தத் தட்டுக்குத் தக்கபடி இவன் ஆடினான். சறோவுக்கு விசா கிடைத்து அப்போது சில நாட்கள்தான். அவள் வந்து இறங்கும் நாளில்தான் இதைத் திறப்பது, அதுவரைக்கும் ஒருவனும் கை வைக்கக்கூடாது என்றான். முள்ளை அவன் பார்த்த நேரத்தில் வேறொருவன் தியானம் பழகியிருப்பான்.

பிறகுதான் அந்தத் தொலைபேசி வந்தது. இன்னும் ஒன்பது நாளில் வரவேண்டிய சறோவை விமானச் சீட்டை மாற்றி அவசரமாகக் கூப்பிட்டோம். விமான நிலையத்துக்கு நான்தான் போனேன். படத்தில் பார்த்த முகம். என்னைக் கண்டதும் எனக்குப் பின்னால் ஒருமுறை பார்த்தார். தெரிந்துதான் வந்திருந்தார், இருந்தும் பார்த்தார். அதை நான் எழுதியிருக்கக்கூடாது. எழுதிவிட்டேன்.

எட்டாம் நாள் படையலுக்கு அவனுக்குப் பிடித்ததெல்லாம் சமைத்தார்கள். சறோ செல்வம் அண்ணையிடம் பியரையும் வைக்கச் சொன்னார். செல்வம் அண்ணை தலையைச் சொறிந்தார்.

"சாராயம் எண்டால் வழக்கம், பிள்ளை. பியர் ஆரும் வைச்சதாக் கேள்விப்படேல்லை."

"அவரு செஞ்சதுதானே" என்றார் சறோ.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இத்தனை நாளும் நான் அந்தப் பிரிட்ஜைத் திறக்கவில்லை. வாயு போயிருந்தால் அவன் படத்துக்கு முன்னால் சப்பைத் தண்ணியைத்தான் வைக்கவேண்டும். சறோ அதைப் பார்ப்பார். திறந்தேன். முள் நாங்கள் விட்ட இடத்திலேயே நின்றது. குழாயைத் திறந்தபோது மெல்லிய ஒரு சீறல், அவ்வளவுதான். சறோ திடுக்கிடவில்லை. கிளாஸில் நுரை வெள்ளையாக எழும்பி அப்படியே நின்றது. தேவாரம் பாடி முடியும் வரைக்கும் நின்றது. எனக்குத் தேவாரம் ஒரு சொல்லும் கேட்கவில்லை. நுரையையே பார்த்துக்கொண்டிருந்தேன், அது அடங்கினால் என்ன செய்வது என்று தெரியாமல்.

ஆட்கள் போனபின் சறோ குசினிக்கு வந்தார்.

"எல்லாரும் அவரு என்னை நினைச்சு அழுதுகொண்டே இருந்தாரெண்டு சொல்றாங்க. நாலு வருசமுமா? உங்களுக்குப் பொய் சொல்லத் தெரியாதாம், அவருதான் டெலிபோன்ல சொன்னவரு. நீங்க சொல்லுங்க."

அழுத நாட்களும் உண்டு என்றேன். கூடுதலாகச் சிரித்தான் என்றேன். அலமாரி வெடித்ததைச் சொன்னேன், எண்ணெயைச் சொன்னேன், அகப்பையோடு ஆடியதைச் சொன்னேன். சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு எந்த இடத்தில் அழுகையாக மாறியது என்று எனக்குத் தெரியவில்லை. "அப்ப சந்தோசமாத்தான் இருந்திருக்காரு" என்றார். ஓம் என்றேன். "எனக்கு அது போதும்" என்றார். போதாது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

நாங்கள் மற்றவர்கள் எல்லோரும் குடும்பம் வரட்டும், வீடு வாங்கட்டும், பிறகு வாழ்வோம் என்று கட்டிவைத்த பெட்டி மாதிரி இருந்தோம். அவன் அன்றன்றைக்கே வாழ்ந்தான். வேலையால் வந்து கதவைத் திறந்தால், சப்பாத்தைக் கழற்ற விடாமல், "இண்டைக்கு என்ன நடந்தது, சொல்லு" என்று கேட்பான். ஒன்றும் நடக்கவில்லை என்றால் விடமாட்டான். அதனால் மார்க்கத்திலிருந்து வரும் வழி முழுக்க, அவனுக்குச் சொல்ல ஏதாவது ஒன்றைத் தேடி எடுத்துக்கொண்டு வருவேன்.

அவனிடமிருந்து என்னோடு தங்கியிருப்பது அதுதான். இப்போதும் பஸ்ஸில் ஒன்றைத் தேடி எடுத்துவிடுகிறேன். அதைக் கையில் வைத்துக்கொண்டு, கதவுக்கு வெளியே கொஞ்ச நேரம் நிற்கிறேன்.