உள்ளே தெரியாத பை

என் பீரோவின் மேல் ஒரு காகிதப் பை இருந்தது. தடித்த தாள், மேலே வழவழப்பு, பிடித்துக்கொள்ளக் கயிறு. ஒரு காலத்தில் நல்ல சிவப்பாக இருந்தது; இப்போது செங்கல் நிறத்துக்கு வந்துவிட்டது. அடிப்பக்கம் கிழிந்தபோது நானே இரட்டைத் தையல் போட்டு வைத்தேன். ஷூவின் மேல்பாகம் தைத்துத் தைத்துப் பழகிய கை, காகிதத்தையும் விடவில்லை. வீட்டை ஒழுங்குபடுத்தும் போதெல்லாம் என் மகள் அதைக் குப்பையில் போடப் பார்ப்பாள். "எதுக்கும்மா இத வச்சிருக்க?" என்பாள். "சும்மாதான்" என்பேன். முகத்தைச் சுளித்துக்கொண்டு போய்விடுவாள். அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்கு நாங்கள் பட்ட பாடு அவளுக்குத் தெரியாது. போன மாதம் வரையில் நானும் அந்தக் கதையை அவளிடம் சொன்னதில்லை.

அந்தப் பை லீடர் அக்காவுடையது. ஆம்பூருக்குப் பக்கத்தில் ஒரு ஷூ கம்பெனியில் நான் தையல் மிஷினில் இருந்த காலத்தில் எங்கள் லைனுக்கு அவர்தான் லீடர். எங்களுக்கெல்லாம் சாம்பல் நிறக் கோட்டு; லீடருக்கு மட்டும் நீலம். பல வருடம் மிஷினில் குனிந்து கிடந்த பிறகுதான் அந்த நீலம் அவருக்குக் கிடைத்தது. அவருடைய அப்பா தோல் பதனிடுகிற ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்தவர். அந்தக் குடும்பத்தில் நின்றுகொண்டு வேலை சொல்கிற முதல் ஆள் அக்காதான். சர்ச்சுக்குக் கட்டிப்போகிற சேலையைவிட அந்தக் கோட்டுக்குத்தான் கஞ்சி ஜாஸ்தி போடுவார். வீட்டில் வேறு யாரும் அதைத் துவைக்கக்கூடாது.

கம்பெனிக்குள் நாங்கள் எதைக் கொண்டுபோனாலும் உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பிளாஸ்டிக் பையில்தான் கொண்டுபோக வேண்டும். சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், விலக்கு நாட்களில் மாற்றுத் துணி, எல்லாமே ஊருக்குத் தெரியும். சாயங்காலம் வெளியே வரும்போது வரிசையில் நின்று, இரண்டு கையையும் பக்கவாட்டில் தூக்க வேண்டும். கேட் அம்மா அக்குளில் தொடங்கி இடுப்பு வரை தடவிப் பார்ப்பார். தோல் துண்டோ நூல் கண்டோ சுருட்டிக்கொண்டு போகிறோமா என்று பார்க்கிறார்களாம். அதைப் பற்றி நாங்கள் யாரும் பேசிக்கொண்டதுகூட இல்லை. பல் தேய்ப்பது போல அதுவும் தினப்படி ஒரு வேலை.

பெங்களூரில் நர்ஸாக இருந்த அக்காவின் தங்கை, கிறிஸ்துமஸுக்கு வந்தபோது ஒரு செய்தி கொண்டுவந்தாள். அங்கே ஒரு பெரிய மால் திறந்திருக்கிறார்களாம். அக்கா டீ நேரத்தில் அதை எங்களிடம் சொன்ன விதம் இன்னும் காதில் இருக்கிறது. "ஒரு ஊரையே ஒரே கட்டடத்துக்குள்ள வச்சி மூடி ஏசி போட்ருக்கானாம். படிக்கட்டு தானா போவுதாம், நாம நின்னா போதுமாம். போய்ப் பாத்துட்டு வரலாமாடி?" நாங்கள் நாலு பேர் தலையாட்டினோம், அக்காவோடு ஐந்து. சனிக்கிழமை வேலை முடிந்ததும் ரயில், ராத்திரி தங்கை வீடு, ஞாயிறு முழுக்க மால், பொழுது சாய்ந்ததும் திரும்பல்.

லைனில் பேசக்கூடாது என்பது சட்டம். ஆனால் லீடர் ஒவ்வொரு மிஷினாக நின்று தையலைப் பார்க்கலாம் அல்லவா? அக்கா என்னிடம் வந்து தையலைத் தடவிப் பார்ப்பது போல நின்று, "ரயிலு ஆம்பூர்லயே ஏறிடலாம்" என்று ஒரு வாக்கியத்தை விட்டுவிட்டுப் போவார். அடுத்த மிஷினில் இன்னொரு வாக்கியம். "புளிசோறு நான் கட்டறேன்." அதற்கடுத்து, "எல்லாரும் ஒரே கலர்ல வந்து நிக்காதீங்க, யூனிபாரம் மாதிரி இருக்கும்." அவர் லைனின் கடைசிக்குப் போய்ச் சேரும்போது எங்கள் திட்டம் ஒரு படி நகர்ந்திருக்கும். அந்த வாரங்களில் எங்கள் லைனில் தையல் அவ்வளவு சுத்தமாக இருந்ததாக சூப்பர்வைசரே பாராட்டினார். லீடர் அத்தனை முறை வந்து பார்த்தால் இருக்காதா?

சிக்கல் வீட்டில்தான் வந்தது. எங்கள் பக்கத்துப் பெண்கள் ராத்திரி வெளியே தங்குவதற்கு நாலே காரணம் உண்டு: கல்யாணம், சாவு, ஆஸ்பத்திரி, சாமி. எங்களில் ஒருத்தி பேரணாம்பட்டுக்காரி. அவள் அம்மா பீடி சுற்றுகிறவர், மகளுடைய நிழலைக்கூட எண்ணி வைக்கிறவர். அவள்தான் கல்யாணக் காரணத்தைப் பிடித்துக்கொண்டு, "தோஸ்துக்கு நிக்காஹ்னு சொல்லிடறேன்க்கா" என்றாள். நானும் கணியம்பாடிப் பக்கம் சொந்தத்தில் யாருக்காவது உடம்பு சரியில்லாமல் ஆக்கிவிடலாம் என்றுதான் இருந்தேன். அக்காவுக்கு வந்ததே கோபம். "இன்னாத்துக்குப் பொய்யி? திருடவா போறோம்? பாக்கப் போறோம். எதுக்குன்னு கேட்டா சும்மான்னு சொல்லுங்க. நம்ம ஊட்டு ஆம்பளைங்க டீக்கடைல மணிக்கணக்கா குந்திகினு இருக்கறாங்களே, எதுக்குன்னு யாராச்சும் கேட்டிருக்கமா?"

சொல்லிப் பார்த்தால்தான் தெரியும், அந்தச் சொல் எவ்வளவு கனம் என்று. என் மாமியார் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "சும்மா போறதுக்கு ஒரு ஊரா?" என்றார். என் வீட்டுக்காரர் சண்டை போடவில்லை. அதுதான் இன்னும் பேஜாராக இருந்தது. "ஏதாவது வாங்கணும்னா சொல்லு, நானே வாங்கியாறேன்" என்றார். எனக்கு எதுவும் வேண்டாம் என்றேன். "அப்புறம் எதுக்கு?" சும்மா. "சும்மான்னா இன்னா அர்த்தம்?" எனக்கும் அர்த்தம் தெரியவில்லை. தெரியாமலேயே பிடித்துக்கொண்டேன். இரண்டு நாள் கழித்து அவராகவே, "ஸ்டேஷனுக்கு வந்து வுடட்டுமா?" என்று கேட்டார். பேரணாம்பட்டுக்காரி மட்டும் எங்கள் பேச்சைக் கேளாமல் நிக்காஹ் கதையைத்தான் சொன்னாள் என்று பின்னால் தெரிந்தது. அவள் அம்மாவை எனக்குத் தெரியும், நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

அக்காவைப் பாஸ்டர் ஐயாவே கூப்பிட்டு விசாரித்தாராம், ஞாயிறு ஆராதனையை விட்டுவிட்டு அப்படி என்ன அவசியம் என்று. "உலகத்தப் படைச்சிட்டு ஆண்டவரே ஏழாம் நாளு சும்மாதானே ஐயா இருந்தாரு?" என்று அக்கா கேட்டிருக்கிறார். ஐயா சிரித்துவிட்டார் என்று அக்கா சொன்னார். சிரித்திருக்கமாட்டார் என்றுதான் எனக்கு இன்றும் தோன்றுகிறது.

எல்லாம் கூடி வந்த வெள்ளிக்கிழமை, சூப்பர்வைசர் லைனுக்கு வந்து கையைத் தட்டினார். ஷிப்மென்ட் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைம், எல்லாரும் வரவேண்டும். அக்கா நின்ற இடத்திலேயே, "நாங்க அஞ்சு பேரு வரமாட்டோம் சார்" என்றார். மிஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

"இன்னா விசேஷம்? கல்யாணமா, சாவா?"

"ரெண்டும் இல்ல சார். சும்மா ஊருக்குப் போறோம்."

"சும்மாவுக்கெல்லாம் லீவு கெடையாதும்மா. லீடரே வரலன்னா அந்தக் கோட்டு எதுக்கு? கழட்டி வச்சிட்டுப் போ."

அக்கா ஒரு வார்த்தை இறங்கிப் பேசியிருந்தால் போதும், விஷயம் முடிந்திருக்கும். "விடுக்கா, இன்னொரு வாரம் போய்க்கலாம்" என்று நானே அன்று சாயங்காலம் கையைப் பிடித்துக் கெஞ்சினேன். "இந்த வாரம் வுட்டா எந்த வாரமும் ஷிப்மென்ட்டுதான்டி" என்றார். சனிக்கிழமை வேலை முடிந்ததும் நீலக் கோட்டைக் கழற்றி, கஞ்சி மடிப்புக் கலையாமல் மடித்து, சூப்பர்வைசர் மேஜையில் வைத்தார். பட்டனைக்கூட ஒழுங்காகப் போட்டு வைத்தார். பிறகு எங்களுக்கு முன்னால் ஸ்டேஷனுக்கு நடந்தார்.

அந்த மால் பற்றி நான் பெரிதாக என்ன சொல்ல? இன்றைக்கு எல்லாரும் பார்த்ததுதான். ஓடுகிற படிக்கட்டில் கால் வைக்கப் பேரணாம்பட்டுக்காரி பயந்து அலறியதும், ஏறிய பிறகு இறங்கமாட்டேன் என்று மறுபடி மறுபடி போய் வந்ததும் நினைவிருக்கிறது. செருப்புக் கடை வாசலில் என் கால் தானாக நின்றபோது அக்கா முதுகில் ஒன்று வைத்தார். "இன்னிக்கு ஷூவு கண்ணுல படக்கூடாது. லீவு!" நாங்கள் ஒரு பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்து போகிற வருகிறவர்களைப் பார்த்தோம். யாரும் எங்களை எழுப்பவில்லை, டார்கெட் கேட்கவில்லை. கிளம்புவதற்கு முன் அக்கா ஒரு கடையில் தலைக்குப் போடுகிற கிளிப் ஒன்று வாங்கினார். அத்தனூண்டு கிளிப்புக்கு அவ்வளவு பெரிய சிவப்புப் பை கொடுத்தார்கள். கிளிப்பைத் தலையில் செருகிக்கொண்டு, வெறும் பையைக் கல்யாண வீட்டுச் சீர் போல இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார்.

வெளியே போகும் வாசலில் காக்கி போட்ட ஒரு சின்னப் பெண் நின்றிருந்தாள். அவளைப் பார்த்ததும் அக்கா நின்றார். அவருக்குப் பின்னால் நான், எனக்குப் பின்னால் மற்ற மூவர். அக்காவின் ஒரு கையில் பை வாய் திறந்து தொங்க, ஐந்து பேரும் இரண்டு கையையும் பக்கவாட்டில் தூக்கினோம்.

எங்களைச் சுற்றிக்கொண்டு ஜனங்கள் வெளியே போய்க்கொண்டிருந்தார்கள். ஒரு குழந்தை எங்களைப் பார்த்து, அதுவும் கையைத் தூக்கியது. அந்தப் பெண் விழித்தாள். எங்கள் பேச்சைக் கேட்டிருப்பாள் போல, தமிழிலேயே, "என்னக்கா வேணும்? ஏன் நிக்கிறீங்க?" என்றாள்.

"செக் பண்ணலையாம்மா?" என்றார் அக்கா.

"உள்ள வர்றவங்களத்தான் பார்ப்போம். போறவங்கள எதுக்குக்கா?"

ரயிலில் புளிசோறு மிச்சம் இருந்தது, யாரும் தொடவில்லை. அந்த மால்காரன் எங்களை நம்பினானோ, இல்லை மூலைக்கு மூலை காமிரா வைத்திருந்தானோ, அது எனக்குத் தெரியாது. என்னைக் குத்தியது அது அல்ல. குப்பம் ஸ்டேஷன் தாண்டிய பிறகு அக்காதான் அதைச் சொன்னார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "தூக்குன்னு யாரும் சொல்லலடி. நாமளே தூக்கனோம்."

திங்கட்கிழமை நீலக் கோட்டு வேறொருத்தி தோளில் இருந்தது. அக்கா சாம்பல் கோட்டைப் போட்டுக்கொண்டு என் பக்கத்து மிஷினில் உட்கார்ந்தார். அவர் அழுவார் என்று பயந்துகொண்டிருந்தேன். அவரோ காலையிலேயே வேறு வேலையைத் தொடங்கியிருந்தார். அன்று சாப்பாட்டு டப்பாவை அந்தச் சிவப்புப் பையில் வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

"இது இன்னா பை? உள்ள இருக்கறது தெரியலையே" என்றார் கேட் அம்மா.

"உள்ள இருக்கறது தெரியக்கூடாதுன்னுதான்மா பையே" என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே நடந்துவிட்டார். கேட் அம்மாவின் முணுமுணுப்போடு காலை கழிந்தது.

சாயங்காலம் வரிசையில் அக்கா முதலில் நின்றார், நான் அடுத்து. பையை ஒரு கையில் பிடித்தபடி இரண்டு கையையும் தொங்கவிட்டிருந்தார். கேட் அம்மா, "கையத் தூக்கு" என்றார். அக்கா தூக்கவில்லை. சத்தமும் போடவில்லை.

"நான் எதையாச்சும் எடுத்தேன்னு சந்தேகமா? இருந்தா சொல்லு, ஆபீசரக் கூப்டு, போலீசக் கூப்டு, நின்னு பதில் சொல்றேன். சும்மா தூக்கமாட்டேன்."

அதே சொல்தான். வாரக்கணக்காக ஊரெல்லாம் நாங்கள் சொல்லித் திரிந்த சொல்லை அக்கா அப்படித் திருப்பிப் போடுவார் என்று நான் நினைக்கவில்லை. என் கை தூக்குவதற்குத் துடித்தது. பொய் சொல்லவில்லை, உண்மையிலேயே துடித்தது. சேலை மடிப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எனக்குப் பின்னால் பேரணாம்பட்டுக்காரியும் கையைக் கட்டிக்கொண்டாள். அவளுக்குப் பின்னால் எங்களோடு மாலுக்கு வராதவர்கள்கூடக் கையைத் தூக்காமல் நின்றார்கள். வெளியே கம்பெனி பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. ஆள் ஏறாமல் பஸ் போகாது, தடவிப் பார்க்காமல் ஆள் போகாது. சூப்பர்வைசர் வந்தார், கத்தினார், ஆபீசைப் பார்க்க ஓடினார். கேட் அம்மா அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பொம்பிளைதான். "போங்கடி, போய்த் தொலைங்க" என்று திரும்பி நின்றுகொண்டார்.

வெற்றி என்று இதைச் சொல்லமாட்டேன். பிளாஸ்டிக் பைதான் வேண்டும் என்று மறுநாளே போர்டு எழுதி வைத்தார்கள். ஆனால் உடம்பில் கை வைப்பது நின்றது. பையைப் பார்த்துவிட்டு அனுப்பினார்கள். அக்காவுக்கு நீலக் கோட்டு திரும்பி வரவே இல்லை. அடுத்த வருடம் ராணிப்பேட்டைப் பக்கம் வேறு கம்பெனிக்குப் போனார். சேருவதற்கு முன் சம்பளத்தைக் கேட்கவில்லையாம், "கேட்டுல கை வைப்பீங்களா?" என்றுதான் கேட்டாராம். போகிற அன்று அந்தப் பையை என்னிடம் கொடுத்தார்.

போன மாதம் நானும் மகளும் வேலூரில் ஒரு பெரிய துணிக்கடைக்குப் போனோம். சென்னையில் வேலை பார்க்கிறாள், விடுமுறைக்கு வந்திருந்தாள். வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது வாசலில் இருந்த மிஷின் அலறியது. திருடுபோகாமல் இருக்கத் துணியில் மாட்டியிருந்த பட்டனைக் கழற்ற மறந்தது கடைக்காரர்கள்தான். ஆனால் காவலுக்கு நின்ற பெண் ஓடி வருவதற்குள், எல்லாரும் திரும்பிப் பார்ப்பதற்குள், படித்த என் மகள், ஆங்கிலத்தில் பத்துப் பேருக்கு வேலை சொல்கிறவள், இரண்டு கையையும் பக்கவாட்டில் தூக்கிக்கொண்டு நின்றாள். நான் எட்டி அவள் இரண்டு கையையும் பிடித்துக் கீழே இறக்கினேன். "பில்லு இருக்குது, பாத்துக்கோம்மா. சும்மா தூக்கமாட்டோம்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அன்று பஸ்ஸில் வரும்போதுதான் அவளுக்கு எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் சென்னைக்குத் திரும்பிய பிறகு பீரோவைத் துடைக்க ஏறினேன். பை இல்லை. போன் போட்டேன். ஆபீசில் மதியச் சாப்பாட்டு நேரம். பின்னால் பேச்சுச் சத்தம் கேட்டது. அந்தப் பையில்தான் டப்பாவைக் கொண்டுபோயிருக்கிறாள். வாசலில் இருந்தவர் பையைப் பார்த்து என்னமோ கேட்டாராம், ஏதோ பதில் சொன்னாளாம்.

"அந்தக் கிழிஞ்ச பைய எதுக்குடி எடுத்துகினு போன?" என்றேன்.

"சும்மாதான்மா" என்றாள்.